முப்பத்தொன்று

தார்த்து நகரத்துப் பேருந்துப் பணிமனை.
நவம்பர். காலை ஐந்தே முக்கால்.
ஈரக் கையுறைகளை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு
ஓட்டுநர்கள் உட்காருகிறார்கள்.
தாள் நிறையப் பொடிப்பொடி முக்கோணங்கள்.
இடப்பக்கம் மூக்கை நீட்டியவற்றை மட்டும்
அடிக்க வேண்டும்.
நான்கு நிமிடம்.

லேலோ கடிகாரத்தை அழுத்துகிறாள்.

சோதனை அவளுடையதல்ல.
முப்பது வருடத்துக்கு முன்
கட்டாய ராணுவ சேவைக்கு வந்த
அறுபத்தொரு பையன்களை உட்காரவைத்து
ஹில்லர் செய்தது.
முப்பத்தொன்றுக்குக் கீழே எடுப்பவன்
வண்டியை எங்காவது கொண்டுபோய் மோதுவான்
என்றது கட்டுரை.
கட்டுரை விதியாயிற்று.
விதி எத்தனை பேரை ஸ்டியரிங்கிலிருந்து எழுப்பி
வண்டி கழுவ அனுப்பியது என்று
எண்ணிய கட்டுரை எதுவும் இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்,
கிளறிவிட்ட பானையென்றால்.

அதனால் மறுபடியும்.
ஆறு பணிமனை, மூன்று குளிர்காலம்,
ஐந்நூற்று நாற்பது பேர்.
அதே முக்கோணம், அதே நான்கு நிமிடம்.
பழைய கட்டுரையில்
‘பென்சில்’ என்று மட்டும் இருந்தது.
எச்பியா, டூபியா?
அதற்கே ஒரு வாரம் போயிற்று.

திரையில் புள்ளிகள் வந்து விழுந்தன
கண்ணாடியில் தெறித்த சேறு போல.
எந்தக் கோட்டுக்கும் அவை
வரிசைகட்டி நிற்கவில்லை.
இருபத்தொன்பது எடுத்த ஐனார்
பத்தொன்பது வருடமாக ஒரு கீறல் போடாதவர்.
நாற்பத்துநான்கு எடுத்த மைன்ஹார்டு
வருடத்துக்கு இரண்டு முறை
அதே பணிமனைக் கதவில்
அதே பக்கக் கண்ணாடியை உடைப்பவர்.

ஆய்விதழிலிருந்து பதில் வந்தது:
செய்தவிதம் நன்று. ஆனால்
புதிதாக இதில் என்ன?
அவள் இன்னொரு முறை வாசித்தாள்.
இரண்டாம் முறையும் அதே முடிவு.

ஹாப்சாலுவில், கடலைப் பார்த்த அடுக்ககத்தில்,
ஹில்லர் கோபிக்கவில்லை.
வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றைக்
கட்டிலடியிலிருந்து காலால் இழுத்தார்.
இருவரும் எண்ணினார்கள்.
அறுபது.
தாள்களை மாற்றிக்கொண்டு எண்ணினார்கள்.
அறுபது.
அந்த ஒருவன் யார், இருமுறை எண்ணப்பட்டவனா,
இல்லவே இல்லாதவனா?
அவன் போனதால் பெரிதாக எதுவும் மாறவில்லை;
கணக்கு போட்டுப் பார்த்தாள்.
ஆனாலும் அவர்
காலிப்பெட்டிக்குள் கைவிட்டுத்
துழாவிக்கொண்டே இருந்தார்.

பிறகு, ‘எனக்கும் ஒரு தாள் கொடு’ என்றார்.

நான்கு நிமிடம்.
வெளியே கடல்பறவைகள் சண்டையிட்டன.
அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தார்.

இருபத்தேழு.

ரயில் நின்றுபோன ஊர்.
பேருந்து நிலையம்வரை பனியில்
அவர்தான் காரோட்டினார்.
திருப்பத்துக்கு வெகுதூரம் முன்பே
இண்டிகேட்டர் போட்டார்.
டிக் டிக் என்ற அந்தச் சத்தத்தைத் தவிர
காருக்குள் பேச்சில்லை.
இறங்கும்போது கேட்டார்:
‘எத்தனை பேர் என்றாய், வண்டி கழுவப் போனவர்கள்?’
தெரியாது என்றாள்.
‘அதை எண்ணு.’

மார்ச்சில் ஒரு மின்னஞ்சல், கென்ட் நகரத்திலிருந்து.
வன்னஸ் என்று யாரோ:
உங்கள் ஆய்வைத் திரும்பச் செய்யப்போகிறோம்,
டிராம் ஓட்டுநர்களிடம்.
என்ன பென்சில்?
அறையில் என்ன வெளிச்சம்?
ஜன்னல்?

வயிற்றில் ஏதோ ஒருதரம் சுருண்டது.
ஹில்லரின் கை, காலிப்பெட்டி.

எச்பி, என்று தட்டினாள்.
குழல்விளக்கு, ஒன்று மினுக்கும்.
ஜன்னல் மூடியிருந்தது.
கொஞ்சம் யோசித்தாள்.
இரண்டாம் பணிமனையில்
யாரோ மீன் சூடுபண்ணியதால்
அரைவாசி திறந்திருந்தோம்,
அதையும் எழுதினாள்.